இருப்புப் பாதையும் உரிமைப் பாதையும்

முன்னுரை

'காவல்' என்னும் தமிழ்ச்சொல் இருபொருள் தருவது. ஊரையும் உயிரையும் காத்து நிற்பதும் காவல். ஒருவரைப் பிடித்து அடைத்து வைப்பதும் காவல். ஒரே சொல் அடைக்கலத்தையும் சிறையையும் குறிப்பது எண்ணி மகிழத்தக்க சொல்நயம் மட்டுமன்று. ஆட்சிக்குரியோர் என்றும் நினைவிற் கொள்ளவேண்டிய எச்சரிக்கையுமாகும். முதற்பொருளில் தொடங்கும் காவல், கவனம் தவறினால் இரண்டாம் பொருளில் சென்று முடியும். தொடர்வண்டிப் பயணியரின் பாதுகாப்பையும் குடிமக்களின் உரிமையையும் ஒருசேரப் பேணுவது எங்ஙனம் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலங்குளத்துக்கென இரயில் நிலையம் இல்லை. நம் மாணவர்கள் பாவூர்சத்திரத்திலோ தென்காசியிலோ திருநெல்வேலியிலோ வண்டி ஏறுகின்றனர். வேலை தேடியும், நேர்முகத் தேர்வுக்கும், மேற்படிப்புக்கும் அவர்கள் செல்லும் வழி அதுவே. எனவே இப்பொருள் நமக்குத் தொலைவானதன்று.

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில், முதியவரான என் தந்தையாருடன் பெரியதொரு நிலையத்துள் நுழைந்தேன். அவர் தொப்பியும் தாடியும் உடையவர். முன்சென்றோர் பைகளும் பின்வந்தோர் பைகளும் திறக்கப்படவில்லை. அவர் பை மட்டும் மேசைமீது கொட்டப்பட்டது. இரண்டு வேட்டி, மருந்துச் சீட்டு, பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய அல்வா ஆகியவையே அதில் இருந்தன. நான் வெகுண்டு பேச முற்பட்டபோது அவர் என் கையைப் பற்றினார். "விடு, சோதிக்கட்டும். நாளைக்கு நம்ம பிள்ளைகளும் இதே வண்டியிலதான போகணும். எல்லாருக்கும் ஒண்ணு போல சோதிச்சா மனசு நோகாது" என்றார். சோதனை வேண்டும் என்பதும், அது ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பதும் ஆகிய இரண்டினையும் படிப்பு மிகுதியில்லாத அப்பெரியவர் ஒரே மூச்சிற் சொல்லிவிட்டார். இக்கட்டுரை அவ்விரண்டின் விரிவே எனலாம்.

மணியாச்சி முதல் கடையம் வரை

இரயிற் பாதுகாப்பு என்னும் சிக்கல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், மணியாச்சி சந்திப்பில் நின்றிருந்த வண்டியின் முதல்வகுப்புப் பெட்டியில், திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். அவர் அவ்விடத்திலேயே தம்மையும் மாய்த்துக்கொண்டார். பதினால்வர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. சிலர் தண்டனை பெற்றனர், சிலர் விடுதலையாயினர். இன்று அந்நிலையம் வாஞ்சி மணியாச்சி எனவே பெயர் பெற்றுள்ளது. அன்றைய அரசு கொலைக்குற்றமெனக் கொண்டதைப் பிற்காலம் விடுதலைப் போராட்டத்தின் பகுதியாகக் கொண்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அதன் பின் அயலாட்சியின் கண்காணிப்பு இறுகியது. புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் ஒற்றர்களால் இடையறாது கண்காணிக்கப்பட்டார். 1918 நவம்பரில் அவர் புதுச்சேரி எல்லையைக் கடந்தபோது கடலூரருகே கைது செய்யப்பட்டு, டிசம்பரில் நிபந்தனைகளோடு விடுவிக்கப்பட்டார். திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே வாழவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவர் தங்கியது நமக்கு அண்மையிலுள்ள கடையத்தில். இருப்புப்பாதை ஊரின் அருகே ஓடியும், விரும்பிய இடத்துக்கு விரும்பியவாறு செல்லும் உரிமை அக்கவிஞர்க்கு இல்லாதிருந்தது. பிறர் செய்த குற்றத்தின் நிழல் எழுத்தாளர்மேலும் விழும் என்பதற்கு நம் வட்டாரமே சான்று பகர்கின்றது.

தண்டவாளங்களில் சிந்திய குருதி

உரிமை பற்றிப் பேசுவோர் பாதுகாப்பின் தேவையைக் குறைத்துக் கூறுதல் நேர்மையன்று. 1987 மார்ச் 15ஆம் நாள், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் வெடி வைக்கப்பட்டமையால் மலைக்கோட்டை விரைவு வண்டி கவிழ்ந்து பயணியர் பலர் மாண்டனர். 1997 டிசம்பர் 6ஆம் நாள், ஈரோட்டில் சேரன் விரைவு வண்டியிலும், திருச்சியருகே பாண்டியன் விரைவு வண்டியிலும், திருச்சூரில் ஆலப்புழை விரைவு வண்டியிலும் குண்டுகள் வெடித்துப் பலர் உயிரிழந்தனர். 2014 மே 1ஆம் நாள், சென்னை சென்ட்ரல் நிலையத்தில் குவாஹாட்டி விரைவு வண்டியில் இரு குண்டுகள் வெடித்தன. பணியிலிருந்து விடுப்பில் ஊர் திரும்பிய இளம்பெண் ஒருவர் மாண்டார்.

இவற்றுள் ஒன்றனைச் செய்தோர் மொழியின் பெயரைச் சொல்லினர். மற்றொன்றனைச் செய்தோர் சமயத்தின் பெயரைச் சொல்லினர். மாண்டோரோ, பயணச்சீட்டு ஒன்றையன்றி எப்பெயரையும் ஏந்தாதவர். மொழியின் பெயரால் நிகழ்ந்ததற்குத் தமிழர் அனைவரையும் எவரும் ஐயுறவில்லை. சமயத்தின் பெயரால் நிகழ்ந்ததற்கும் அதே அளவுகோலைக் கொள்வதன்றோ முறை?

அயலகத்தில் தமிழரே இவ்வையத்துக்கு இலக்காயினர். 1996 ஜூலை 24ஆம் நாள், கொழும்பை அடுத்த தெகிவளையில் இரயிலில் குண்டு வெடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கொடிய செயல் அது. ஆயின் அதனைப் போன்ற கொடுமைகளைக் காரணம் காட்டிக் கொழும்பில் தங்கும் விடுதிகளிலிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் 2007 ஜூன் 7ஆம் நாள் பேருந்துகளில் ஏற்றி நகரினின்றும் அப்புறப்படுத்தப்பட்டனர். மறுநாளே இலங்கை உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்நாட்டுப் பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். தமிழர் என்ற ஒன்றே ஐயத்துக்குக் காரணமானபோது நாம் துடித்தோம். அத்துடிப்பு, எவர் ஐயுறப்படும் போதும் நமக்கு எழவேண்டும்.

தவறிய நீதியின் விலை

2006 ஜூலை 11ஆம் நாள் மாலை, மும்பைப் புறநகர் வண்டிகளில் பதினொரு மணித்துளிக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. 189 பேர் மாண்டனர். எண்ணூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பதின்மூவர்மேல் வழக்கு நடந்தது. 2015ஆம் ஆண்டில் சிறப்பு நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, ஐவருக்குத் தூக்கும் எழுவருக்கு வாழ்நாட் சிறையும் விதித்தது. 2025 ஜூலை 21ஆம் நாள் மும்பை உயர் நீதிமன்றம் அப்பன்னிருவரையும் குற்றமற்றவரென விடுவித்தது. ஒப்புதல் வாக்குமூலங்கள் நம்பத்தக்கனவல்ல. அடையாள அணிவகுப்பு முறையாக நடைபெறவில்லை. சாட்சியர் சிலர் நூறு நாட்களுக்குப் பின்னரே வாய் திறந்தனர் எனப் பல குறைகளை அது சுட்டியது. பன்னிருவருள் ஒருவர் தீர்ப்பைக் காணாமலே 2021இல் சிறையில் இறந்துவிட்டார். அரசு மேல்முறையீடு செய்ததன் பேரில், அத்தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும் விடுவிக்கப்பட்டோரை மீண்டும் சிறைக்கு அனுப்பவில்லை.

இவ்வழக்கில் இழந்தவர் யார்? ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகளைச் சிறையில் இழந்தோர் ஒருபுறம். மறுபுறம், 189 குடும்பத்தார். உயர் நீதிமன்றத்தின் முடிவு நிலைக்குமாயின், தம் மக்களைக் கொன்றவர் யாவர் என்பதே அவர்கட்கு இன்னும் தெரியாது. உண்மைக் குற்றவாளி அத்தனை ஆண்டுகளும் வெளியே உலவியிருப்பான். ஆகவே உரிமையைக் காப்பது குற்றவாளிக்குச் செய்யும் சலுகை என்னும் கருத்துப் பிழையாகும். விசாரணை நெறி, குற்றமற்றவனைக் காக்கும் அதே வேளையில் குற்றவாளியைத் தப்பவிடாமலும் காக்கின்றது.

நம் மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றும் நினைக்கத்தக்கது. 2016 ஜூன் 24ஆம் நாள் காலை, சென்னை நுங்கம்பாக்கம் நிலைய நடைமேடையில் இளம்பெண் ஒருவர் பலர் காண வெட்டிக் கொல்லப்பட்டார். அந்நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா ஒன்றுகூட இல்லை. உண்மை தெரியாத அவ்விடைவெளியில், கொலைஞன் இன்ன சமயத்தான் என்னும் வதந்தி பரவிற்று. பின்னர் அருகிலிருந்த கட்டடங்களின் பதிவுகளைக் கொண்டு காவல்துறை துப்புத் துலக்கி, நம் வட்டாரத்து இளைஞர் ஒருவரைக் கைது செய்தது, வதந்தி பொய்யாயிற்று. ஆனால் அவ்விளைஞரும் செப்டம்பரில் சிறையிலேயே இறந்தார். வழக்கு விசாரணை நடைபெறவேயில்லை. 2022இல் மாநில மனித உரிமை ஆணையம் அவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. கொலையுண்டவரின் பெற்றோர்க்கும் தீர்ப்பில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெற்றோர்க்கும் தீர்ப்பில்லை. கேமரா இல்லாமை வதந்திக்கு இடந்தந்தது. காவலிலிருந்த உயிரைக் காவாமை நீதியின் வாயிலை அடைத்தது. கண்காணிப்புக் கருவி வேண்டும், காவலரைக் கட்டுப்படுத்தும் நெறியும் வேண்டும் என்னும் இரண்டினையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்துகின்றது.

சட்டம் வரைந்த எல்லை

இந்திய அரசமைப்பின் 19ஆம் உறுப்பு நாடெங்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை வழங்குகின்றது; பொதுநலன் கருதி அதன்மேல் நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் இடந்தருகின்றது. 21ஆம் உறுப்பு உயிரையும் தன்னுரிமையையும் காக்கின்றது. 22ஆம் உறுப்பின்படி, கைதானவர்க்குக் காரணம் கூறப்படவேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவர் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தப்படவேண்டும்.

இரயிலில் இருவகைக் காவலர் உளர். நடுவணரசின் ரயில்வே பாதுகாப்புப் படை 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இயங்குவது. குற்றங்களைப் பதிந்து புலனாயும் இருப்புப்பாதைக் காவல்துறை மாநில அரசைச் சார்ந்தது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் இருப்புப்பாதைக் காவல் மாநிலப் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபத்தான பொருள்களைப் பயணியர் உடன்கொண்டு செல்வதைத் தடுக்கின்றது; 164ஆம் பிரிவு அதற்குத் தண்டனை விதிக்கின்றது. எனவே சோதனை செய்வதற்குச் சட்டத்தின் துணை உண்டு.

அச்சோதனையின் அளவு யாது? 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதியர் அடங்கிய ஆயம், அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனப் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையில் அரசு தலையிடுவதாயின், அதற்குச் சட்டம் இருக்கவேண்டும். முறையான நோக்கம் இருக்கவேண்டும். தலையீடு அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவினை மீறாதிருக்கவேண்டும். அதிகாரம் தவறாகப் பயன்படாமல் தடுக்கும் அரணும் வேண்டும். இந்நான்கும் நாம் கையிற் கொள்ளத்தக்க துலாக்கோல்.

கணக்குக் கூறும் உண்மை

இந்திய இரயிலில் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பயணம் செய்கின்றனர். நிலையங்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவை. வானூர்தி நிலையத்துக்கு வாயில் ஒன்றோ இரண்டோ. பாவூர்சத்திரம் போன்ற நிலையத்துக்கோ நாற்புறமும் வழி. ஒவ்வொருவரையும் முற்றச் சோதிப்பது இயலாது. அதனாலேயே, தோற்றத்தைக் கொண்டு சிலரை மட்டும் பிரித்தெடுப்பது எளிய வழியெனத் தோன்றுகின்றது.

அது எளிய வழியன்று என்பதை எடுத்துக்காட்டுக் கணக்கு ஒன்றால் தெளியலாம். ஓர் இலட்சம் பயணியருள் தீய நோக்குடையவன் ஒருவன் எனக் கொள்வோம். ஆளை அறியும் கருவி ஒன்று நூற்றுக்கு ஒருமுறை மட்டுமே தவறும் எனவும் கொள்வோம். கேட்பதற்குச் சிறந்த கருவியே. ஆயினும் அது ஏறத்தாழ ஆயிரம் குற்றமற்றவரைக் குற்றவாளியெனச் சுட்டும். ஆயிரவருள் அவ்வொருவனைத் தேடுவதிற் காவலரின் பொழுது கழியும். கருவியே இங்ஙனமாயின், தொப்பியும் தாடியும் பர்தாவும் பெயரும் என்ன அடையாளம் காட்டும்? தீயோன் அவ்வடையாளங்களைக் களைந்துவிட்டு வருவதற்கு ஒரு நாழிகையும் ஆகாது.

மேலைநாடுகளும் இப்பாடத்தைப் பெரும் விலை தந்து கற்றன. 2004 மார்ச் 11ஆம் நாள், மாட்ரிட் நகர இரயில்களில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் நூற்றுத் தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். விரல்ரேகை பொருந்துவதாகத் தவறாகக் கணித்து, அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் ஆரகன் மாநிலத்து முஸ்லிம் வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து இருவாரம் அடைத்து வைத்தனர். ரேகை வேறொருவருடையது என ஸ்பெயின் காவலர் கண்டனர். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. 2006இல் இருபது இலட்சம் டாலர் இழப்பீடும் தந்தது. 2005 ஜூலை 22ஆம் நாள், இலண்டன் சுரங்க இரயிலில் காவலர் ஒருவரைத் தீவிரவாதியென எண்ணிச் சுட்டுக் கொன்றனர். அவர் எக்குற்றமும் அறியாத பிரேசில் நாட்டுத் தொழிலாளி.

இலக்கியமும் மறையும் காட்டும் நெறி

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இப்பொருளுக்கு மிகப் பொருந்தும். கோவலனைக் கண்ட ஊர்காப்பாளர், இவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என ஐயுற்றனர். பொற்கொல்லனோ களவு நூலை விரித்துரைத்து, கள்வர்க்குரிய எண்வகைத் துணைகளை அடுக்கி, அவர்தம் ஐயத்தை மழுக்கினான். அவருள் கல்லாத ஒருவன் வாளை வீசினான். குறிப்பிட்ட இம்மனிதன் இக்குற்றம் செய்தான் என்பதற்குச் சான்று கேட்பாரில்லை; 'கள்வர் இத்தகையர்' என்னும் பொதுக்கூற்றே கொல்லப் போதியதாயிற்று. நெறி தவறிய அவ்வொரு கணத்துக்குப் பாண்டியன் உயிரும் மதுரை மாநகரும் விலையாயின.

வள்ளுவர் கண்காணிப்பை மறுத்தாரல்லர். ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின் அங்கும் நெறியுண்டு. ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனால் ஆய்ந்தறிய வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்றும் ஒத்திருந்தாலே தெளியவேண்டும் என்பது அவர் கருத்து. அரசன்தன் வினைசெய்வார், சுற்றத்தார், பகைவர் ஆகிய அனைவரையும் ஆராய்வதே ஒற்று என்றும் அவர் வகுத்தார். அதிகாரியும் ஆராயப்படவேண்டியவரே என்பது அதனாற் பெறப்படும்.

திருக்குர்ஆனின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயம் மிகுதியான ஐயத்தையும் பிறர் மறைவைத் துருவுதலையும் விலக்குகின்றது. கலீஃபா உமர் பற்றி வழங்கும் வரலாறு ஒன்றும் உண்டு. இரவுக் காவல் சென்ற அவர், ஒரு வீட்டின் மதிலேறிக் குதித்து உள்ளிருந்தவனின் தவற்றைக் கண்டார். அவனோ, தான் செய்தது ஒரு தவறு. மறைவைத் துருவியது, வாயில் வழி வாராதது, ஒப்புதல் பெறாதது என அவர் செய்தவை மூன்று என்றான். ஆட்சித் தலைவர் அதனை ஏற்றுத் திரும்பினார் என்பர். காவலுக்கும் வாயில் உண்டு. மதிலேறுதல் காவலன்று என்பதே அதன் பொருள்.

தகுவதும் தகாததும்

மேற்கூறிய துலாக்கோலில் நடைமுறைகளை நிறுத்துப் பார்ப்போம்.

அனைவரும் கடந்து செல்லும் உலோகமறி வாயிலும், அனைவர் பையும் செல்லும் ஊடுகதிர்க் கருவியும் தகும். சுமை சிறிது, அனைவர்க்கும் ஒன்று. சிலரை மட்டும் திறந்து பார்க்க வேண்டுமாயின், பத்தில் ஒருவர் என எண்ணிக்கை முறையில் தேர்தல் நன்று. இல்லையேல் பொருளின் தன்மையோ நடத்தையோ காரணமாகவேண்டும், உடையோ பெயரோ அன்று.

கண்காணிப்புக் கேமரா தகும். ஆயின் பதிவை எத்தனை நாள் வைப்பது, எவர் பார்ப்பது, எப்போது அழிப்பது என்னும் விதிகள் பயணியர் அறியுமாறு வெளியிடப்படவேண்டும்.

முன்பதிவுப் பயணியிடம் அடையாள அட்டை கேட்பது தகும். முன்பதிவில்லாப் பெட்டியில் ஏழைத் தொழிலாளி பெயர் கூறாமற் செல்லும் உரிமையும் காக்கப்படவேண்டும்.

பெரிய நிலையங்கள் சிலவற்றில் முகமறி கருவிகளும் வந்துள்ளன. இந்தியாவில் அதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க நடுவணரசுக்கு அதிகாரம் தருகின்றது. சட்டமும் அரணும் இன்றி இக்கருவி தகாது.

சோதனைக்குட்பட்டோர் முறையிடவும் விடை பெறவும் வழி இருத்தல் வேண்டும். கேள்வி கேட்பாரில்லாத அதிகாரம் காவலின் முதற்பொருளை இழந்துவிடும்.

மாணவர்க்குச் சில கூறுவன்

காவலர் சோதிக்க வந்தால் வெகுளாது ஒத்துழையுங்கள். காரணத்தைப் பணிவுடன் கேளுங்கள். பெண்ணின் உடலைச் சோதிப்பவர் பெண்ணாகவே இருத்தல் வேண்டும் என்பது சட்டம். கைது நேர்ந்தால், காரணம் கூறப்படவும், உறவினர்க்கோ நண்பர்க்கோ தெரிவிக்கப்படவும், வழக்கறிஞரை அணுகவும் உரிமை உண்டு. உச்ச நீதிமன்றம் 1996இல் டி.கே. பாசு வழக்கில் வகுத்த நெறிகள் இவை. இன்று நடப்பிலுள்ள 2023ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளன. காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் பொதுச் சட்டத்தில் சான்றாகாது என்பதையும் அறிந்திருங்கள். வசதியற்றோர்க்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழி இலவச உதவி கிட்டும்.

உரிமையோடு கடமையும் உண்டு. உரிமையாளரற்ற பை கண்டால் தொடாதீர். நிலைய அலுவலரிடமோ 139 என்னும் தொலைபேசி எண்ணிலோ உடனே தெரிவியுங்கள். உறுதியறியாத செய்தியைப் பிறர்க்கு அனுப்பாதீர். வதந்தி அனுப்புவோனும் பொற்கொல்லனின் தொழிலையே செய்கின்றான்.

முடிவுரை

இருப்புப்பாதை இரண்டு தண்டவாளங்களால் ஆயது. அவற்றின் இடைவெளி எங்கும் ஒரே அளவாய் இருந்தாலன்றி வண்டி ஓடாது. ஒன்றைப் பெயர்த்து மற்றொன்றை வலுப்படுத்த முயல்வார் எவருமிலர். பாதுகாப்பும் உரிமையும் அத்தகையன. சென்னை சென்ட்ரலில் மாண்ட பெண்ணின் பெற்றோர் கேட்பதும், பத்தொன்பது ஆண்டுகள் சிறையிலிருந்து மீண்டவரின் பெற்றோர் கேட்பதும் ஒன்றே: உண்மையைக் கண்டுபிடியுங்கள் என்பதே அது.

என் தந்தையார் அன்று அல்வாப் பொட்டலத்தை மீண்டும் பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, உரிய நேரத்தில் வண்டி ஏறினார். சோதித்த காவலர்க்கு அவர் சலாம் சொல்லியே வந்தார். அப்பெருந்தன்மையைக் குடிமக்களிடம் எதிர்பார்க்கும் அரசு, அதனைச் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருத்தல் ஆகாது. நம் பிள்ளைகள் ஏறும் வண்டி பாதுகாப்பாய்ச் செல்லட்டும். அவர்கள் அதில் தலைநிமிர்ந்து ஏறட்டும்.